தாய் டேபிளில் வகையை மாற்றினால் பிள்ளை டேபிள்களின் நிபந்தனைகள் என்ன ஆகும்?

சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் பெண் எழுதியிருக்கிறார். லாரிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் இடத்தகவலைச் சேமித்து, லாரி உரிமையாளர்களுக்குக் காட்டுவது அவர்கள் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நாமக்கல், சங்ககிரி பக்கம். எல்லாம் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தளத்தின் 11-ம் பதிப்பில் ஓடுகிறது. இப்போது வேலையில் இல்லாத ஒருவர் வடிவமைத்த தாய் டேபிள் ஒன்று, அதன் நெடுவரிசைகளை மரபாகப் பெறும் (இன்ஹெரிட்) 48 பிள்ளை டேபிள்கள், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த மாதத்தின் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடைப்பட்ட நாள்தான் இருக்கலாம் என்று ஒரு செக் நிபந்தனை.

மூன்று மாற்றங்கள் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இன்டிஜராக (நாலு பைட் முழு எண்) இருக்கும் வரிசை எண் 190 கோடியைத் தாண்டிவிட்டது, நாளுக்குச் சுமார் 20 லட்சம் கூடுகிறது. அதை பிக்இன்ட் (எட்டு பைட் முழு எண்) ஆக்க வேண்டும். தனித்தனியாக இருக்கும் நாளையும் நேரத்தையும் சேர்த்து, நாள் நெடுவரிசையையே நேர மண்டலத்துடன் கூடிய டைம்ஸ்டாம்பாக (நாளும் நேரமும் சேர்ந்த வகை) மாற்ற வேண்டும். வார்கேராக (எழுத்து வகை) இருக்கும் கிளைக் குறியீட்டை இன்டிஜர் ஆக்க வேண்டும். மேலாளர், “ஒரே வரி கமாண்ட்தானே, ஞாயிறு ராத்திரி போட்டுவிடுங்கள்” என்கிறார். சீனியர், “செக் எல்லாத்தையும் தூக்கிவிட்டு மாற்று, அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்” என்கிறார். பிள்ளை டேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று வாசகி சோதனை சர்வரில் முயன்றபோது, மரபாக வந்த நெடுவரிசையை மாற்ற முடியாது என்று பிழை வந்திருக்கிறது. “தப்பாகப் போனால் பழி என் தலையில்தான் விழும். இதைச் செய்யலாமா, வேண்டாமா? நவீன பார்டிஷன் முறைக்கு (டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பதை போஸ்ட்கிரெஸே கவனிப்பது) முதலில் மாறிவிட்டால் சுலபமாகுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. மூன்று மாற்றங்களும் கமாண்டில் ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்றும் வேறு வேறு. ஒன்று எளிது, ஆனால் கனமானது. ஒன்று ஆபத்தானது. ஒன்றைச் செய்யவே வேண்டாம் என்பேன்.

முதலில் உங்களுக்கு வந்த பிழை. பிள்ளை டேபிளின் நெடுவரிசை தாயிடமிருந்து வந்தது என்பதால் இரண்டின் வகையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் பிள்ளையில் மட்டும் மாற்ற போஸ்ட்கிரெஸ் விடாது. ‘ஒன்லி’ என்று போட்டுத் தாயில் மட்டும் மாற்றவும் விடாது. பிள்ளைகளிலும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிடும். தாயில் சாதாரணமாக ஆல்டர் டேபிள் (டேபிளை மாற்றும் கமாண்ட்) கொடுத்தால் 48 பிள்ளைகளுக்கும் அது தானாகவே இறங்கும். இந்த அளவுக்கு உங்கள் மேலாளர் சொன்ன ஒரே வரி உண்மைதான்.

சீனியர் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். 8.4-ம் பதிப்பின் காலத்தில், தாயிடமிருந்து மரபாக வந்த செக் நிபந்தனை இருந்தால் வகை மாற்றமே தடுமாறும் ஒரு பிழை போஸ்ட்கிரெஸில் இருந்தது. 2012 இறுதியில் வந்த திருத்த வெளியீடுகளில் அது சரியானது. அந்தக் காலத்தில் பட்டவர்கள் நிபந்தனையைத் தூக்கிவிட்டு மாற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். இன்று வகை மாற்றத்துக்காக அது தேவையில்லை. உங்கள் விஷயத்தில் நாள் நெடுவரிசைக்கு மட்டும் நிபந்தனைகளை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் காரணம் முற்றிலும் வேறு.

நிபந்தனை புது வகைக்கு வரும், அதன் பொருள் வராது

வகையை மாற்றும்போது, அந்த நெடுவரிசையைத் தொடும் ஒவ்வொரு செக் நிபந்தனையையும் போஸ்ட்கிரெஸ் எழுத்தாக எடுத்து, புது வகைக்குப் பொருந்துமாறு மறுபடி படித்து, திரும்ப நிறுவுகிறது. பிள்ளை டேபிளில் மட்டும் இருக்கும் நிபந்தனைகளுக்கும் இது பொருந்தும். வரிசை எண்ணில் ஒரு நிபந்தனை இருந்தாலும் கவலை இல்லை: பூஜ்யத்துக்கு மேல் என்பது இன்டிஜரிலும் பிக்இன்டிலும் ஒன்றுதான்.

நாளில் அப்படி இல்லை. 2023 ஜனவரி டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், ஜனவரி 1-க்கும் 31-க்கும் இடையில் என்பது நிபந்தனை. உள்ளே அது “1-ம் தேதிக்குச் சமம் அல்லது மேல், 31-ம் தேதிக்குச் சமம் அல்லது கீழ்” என்று இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு எல்லைகளும் ‘டேட்’ வகை. நெடுவரிசை டைம்ஸ்டாம்ப் ஆனதும் எல்லைகள் டேட்டாகவே நிற்கும், ஒப்பிடும்போது மட்டும் அந்தத் தேதியின் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளப்படும். இப்போது ஜனவரி 31 காலை 10:15-க்கு ஒரு லாரி அனுப்பிய வரியைப் பாருங்கள். அது 31-ம் தேதி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. நிபந்தனை மீறல். நீங்கள் நேரத்தையும் சேர்த்து மாற்றுவதால், ஏதோ ஒரு பிள்ளை டேபிளின் கடைசி நாள் வரியில் கமாண்ட் முட்டி நிற்கும், அதுவரை நடந்த வேலை முழுவதும் ரத்தாகும்.

உண்மையில் அது நல்ல விளைவு. நேரத்தைச் சேர்க்காமல் நாளை மட்டும் டைம்ஸ்டாம்பாக மாற்றியிருந்தால், பழைய வரிகள் எல்லாம் நள்ளிரவாகவே மாறும், சர்வரின் நேர மண்டலமும் நம்முடையதாக இருந்தால் நிபந்தனை தேறிவிடும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அந்த மாதம் கடைசித் தேதி விடிந்ததும் ஒரு லாரியின் தகவலும் உள்ளே போகாது.

அடுத்தது நேர மண்டலம். டேட்டை நேர மண்டலம் உள்ள டைம்ஸ்டாம்போடு ஒப்பிட்டால், எந்த ஊர் நள்ளிரவு என்பதை அந்தக் கனெக்‌ஷனின் டைம்ஸோன் அமைப்பு முடிவு செய்கிறது. உங்கள் சர்வர் யூடிசி-யில் (உலகப் பொது நேரம், நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்னால்) இருந்தால், ஜனவரி 1 அதிகாலை 2 மணிக்கு சங்ககிரியிலிருந்து வந்த தகவல் அதன் பார்வையில் டிசம்பர் 31 இரவு 8:30. ஒரே வரியை ஒரு கனெக்‌ஷன் ஏற்கும், இன்னொன்று மறுக்கும். மாற்றத்தின்போதும் இதே சிக்கல் உண்டு: நாளும் நேரமும் கூட்டினால் வருவது மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப். அதை ‘ஏஷியா/கொல்கத்தா’ மண்டலத்தில் எடுத்துக்கொள் என்று யூஸிங் பகுதியில் (பழைய மதிப்பைப் புதியதாக்கும் விதத்தைச் சொல்லும் இடம்) நீங்களே சொல்லாவிட்டால், 48 மாதத் தரவும் ஐந்தரை மணி நேரம் நகர்ந்து உட்கார்ந்துவிடும். இதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. “ஜனவரி 15 தகவல் காட்டு” என்றால் மற்ற 47 டேபிள்களைத் தொடாமல் ஒன்றை மட்டும் படிப்பதற்குக் காரணமே இந்தச் செக் நிபந்தனைகள்தான். க்வெரியைத் திட்டமிடும்போது போஸ்ட்கிரெஸ் அவற்றைப் பார்த்துத் தேவையில்லாத பிள்ளைகளைக் கழிக்கிறது. ஆனால் எந்தக் கனெக்‌ஷனிலும் ஒரே விடை தரும் நிபந்தனைகளை மட்டுமே அது நம்பும். டேட்டையும் மண்டலம் உள்ள டைம்ஸ்டாம்பையும் ஒப்பிடுவது டைம்ஸோன் அமைப்பைப் பொறுத்தது என்பதால், அந்த நிபந்தனையைக் கழிப்பதற்குப் பயன்படுத்தாது. டேபிளில் நிபந்தனை இருக்கும், வேலை மட்டும் செய்யாது. எக்ஸ்பிளெய்ன் (க்வெரியின் திட்டத்தைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தால் ஒரு டேபிள் இருந்த இடத்தில் 48 டேபிள்களும் வரிசையாக நிற்கும்.

ஆகவே நாள் நெடுவரிசைக்கான நிபந்தனைகளை எடுத்துவிட்டு, புதிதாக எழுத வேண்டும். கீழ் எல்லை 2023 ஜனவரி 1, 00:00, +05:30 என்று மண்டலத்தோடு. மேல் எல்லை பிப்ரவரி 1, 00:00, +05:30-க்குக் கண்டிப்பாகக் கீழே. ‘சமம்’ மேல் எல்லையில் வரக் கூடாது.

எடுப்பதும் போடுவதும், முழுவதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும். “அப்புறம் போட்டுக்கலாம்” என்று விட்ட இடைவெளியில் தவறான மாதத்துக்குள் வரிகள் புகுந்தால், நிபந்தனையைத் திரும்பப் போடும்போது அது மறுக்கும், நீங்கள் வரி வரியாகத் தேட வேண்டியிருக்கும். நாட் வேலிட் (பழைய வரிகளை இப்போது சரிபார்க்காதே) என்று போட்டு, பிறகு சரிபார்ப்பதும் உண்டு. புது வரிகளை அது உடனே காக்கும். ஆனால் சரிபார்த்து முடியும்வரை டேபிள்களைக் கழிப்பதற்கு அது உதவாது.

அப்ளிகேஷனையும் பாருங்கள். ‘நாள் = ஜனவரி 15’ என்று எழுதிய அறிக்கைகள், மாற்றத்துக்குப் பிறகு சரியாக நள்ளிரவில் வந்த வரிகளை மட்டும் தேடி, வெறுமையாக வரும்.

கிளைக் குறியீட்டை விட்டுவிடுங்கள்

உங்கள் கடிதத்தில் ‘07’, ‘12’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இதை வைத்துக் கணக்குப் போடுவதில்லை; இது ஒரு பெயர். இன்டிஜர் ஆனால் ‘07’ வெறும் 7 ஆகிவிடும். இந்த நெடுவரிசையில் ‘07’-க்குச் சமம் என்று ஏதாவது நிபந்தனை இருந்தால், வார்கேர் நெடுவரிசையில் போஸ்ட்கிரெஸ் அதை “டெக்ஸ்டாக மாற்றிய மதிப்பு ‘07’-க்குச் சமம்” என்று சேமித்திருக்கும். இன்டிஜர் ஆனபின் 7-ஐ டெக்ஸ்டாக்கினால் ‘7’ வரும், ‘07’ வராது; நிபந்தனை மீறல். இதே நெடுவரிசை டெக்ஸ்டாக இருந்திருந்தால் இன்டிஜரை டெக்ஸ்டோடு ஒப்பிட வழியில்லை என்று வேறு பிழை வந்திருக்கும். இடமோ வேகமோ பெரிதாக மிச்சமாகப் போவதில்லை. இந்த மாற்றம் யாருக்காக என்று மேலாளரிடம் கேளுங்கள்.

ஞாயிறு ராத்திரி ஏன் போதாது

வார்கேரின் நீளத்தைக் கூட்டுவது போன்ற சில மாற்றங்களில் டேபிளைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. இன்டிஜரிலிருந்து பிக்இன்ட் அப்படியல்ல: நாலு பைட் எட்டு பைட் ஆகிறது, ஒவ்வொரு வரியும் புதிதாக எழுதப்படும், இன்டெக்ஸ்கள் (தேடலை வேகமாக்கும் அட்டவணைகள்) புதிதாகக் கட்டப்படும். தாயில் கொடுத்த ஒரே கமாண்ட் என்பதால் 48 டேபிள்களும் ஒரே டிரான்சாக்‌ஷனில். முடியும்வரை எல்லாவற்றின் மீதும் மிகக் கடுமையான பூட்டு; எழுதுவது மட்டுமல்ல, படிப்பதும் நிற்கும். பழைய கோப்புகள் கமிட் ஆன பிறகே நீங்கும் என்பதால், இப்போது டேபிள்களும் இன்டெக்ஸ்களும் பிடித்திருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு டிஸ்கில் காலியாக வேண்டும், அதற்கு மேல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் WAL கோப்புகளுக்கு வேறு. பாதியில் டிஸ்க் நிறைந்தால் எல்லாம் திரும்பிப் போகும், ராத்திரி வீண். லாரிகள் ராத்திரியில்தான் அதிகம் ஓடுகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு கிடைக்கக் காத்திருப்பதே தனி ஆபத்து. யாரோ ஒருவரின் நீண்ட அறிக்கை ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். உங்கள் ஆல்டருக்குப் பின்னால் மற்ற எல்லோரும் நிற்பார்கள். எந்த ஆல்டருக்கும் முன்னால் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) சில நொடிகளாக வைத்துவிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வழி

இன்டிஜரின் உச்சம் 214,74,83,647. நீங்கள் சொன்ன கணக்குப்படி மிச்சம் 24 கோடி சொச்சம். நாளுக்கு 20 லட்சம் என்றால் நாலு மாதம். அவசரம்தான், ஆனால் இந்த ஞாயிறே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. இந்த நாலு மாதத்தைச் சரியாகப் பயன்படுத்தலாம்.

உங்கள் தரவு சேர்ந்துகொண்டே போவது. போன மாத வரியை யாரும் திருத்துவதில்லை. அதனால் பழைய குடும்பத்தை மாற்றுவதைவிடப் பக்கத்தில் புதுக் குடும்பம் தொடங்குவது நல்லது. புதுத் தாய் டேபிளை பிக்இன்ட், மண்டலம் உள்ள டைம்ஸ்டாம்ப் என்று சரியான வகைகளோடு உருவாக்குங்கள். உங்கள் 11-ம் பதிப்பிலேயே ரேஞ்ச் பார்டிஷன் (எல்லைகளை வைத்துப் பிரிப்பது) இருக்கிறது. அதில் மேல் எல்லை எப்போதும் சேராது என்பதால் 31-ம் தேதிச் சிக்கலே வராது. ‘இப்போதிலிருந்து ஒரு மணி நேரம் முன்’ என்று நவ் போட்டு எழுதிய க்வெரிகளுக்குப் பழைய முறை எந்தப் பிள்ளையையும் கழிக்காது. 11-லிருந்து பார்டிஷன்களை ஓடும்போதே கழிக்க முடியும். ப்ரைமரி கீயில் (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் நெடுவரிசைகள்) நேர நெடுவரிசையையும் சேர்க்க வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இங்கே நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. பழைய வகைகளோடே முதலில் பார்டிஷன் முறைக்குப் போய், அப்புறம் வகையை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். பார்டிஷன் கீயாக (பிரிப்பதற்கு அடிப்படையாக) இருக்கும் நெடுவரிசையின் வகையை அதன்பின் மாற்ற போஸ்ட்கிரெஸ் அனுமதிக்காது. நாள்தான் உங்கள் கீ. முதலில் வகை, பிறகு பார்டிஷன். அல்லது இப்படிப் புதுக் குடும்பத்தில் இரண்டும் சேர்ந்து.

புது வரிசை எண் பழையது நின்ற இடத்துக்கு மேலிருந்து தொடங்கட்டும். அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் என்ன வகை என்று பாருங்கள். 10-ம் பதிப்பிலிருந்து சீரியல் என்று போட்டு உருவாக்கினால் சீக்வென்ஸும் இன்டிஜர்தான். நெடுவரிசையை மட்டும் பெரிதாக்கிவிட்டு அதை மறந்தவர்கள் அதே 214 கோடியில் போய் நின்றிருக்கிறார்கள். அப்ளிகேஷனிலும் ஜாவா என்றால் இன்ட் என்றிருப்பவை லாங் ஆக வேண்டும். புது வரிகள் புதுக் குடும்பத்துக்குத் திரும்பிய அன்றே உங்கள் எண் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதியை அவசரமில்லாமல் செய்யலாம்.

படிப்பவர்களுக்கு இரண்டு குடும்பத்தையும் யூனியன் ஆல் செய்து (ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து) ஒரு வியூ (டேபிள் போலத் தெரியும் சேமித்த க்வெரி). பழைய பக்கத்தில் நாளும் நேரமும் கூட்டி மண்டலத்தோடு காட்டுங்கள். கூடவே நாளையும் தனியாக விடுங்கள், இல்லாவிட்டால் பழைய செக் நிபந்தனைகள் க்வெரிக்கு உதவ முடியாது. பிறகு மாதம் மாதமாக நகர்த்துங்கள். ஒரு மாதத்தைப் புது டேபிளுக்கு நகலெடுத்து, புது எல்லைகளைச் செக் நிபந்தனையாகப் போட்டு, எண்ணிக்கையையும் முதல், கடைசி நேரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஒரே டிரான்சாக்‌ஷனில் பழைய பிள்ளையை நோ இன்ஹெரிட் செய்து (தாயிடமிருந்து பிரித்து), புதியதை அட்டாச் செய்யுங்கள் (புதுத் தாயோடு சேருங்கள்). படிப்பவருக்கு எந்த நொடியிலும் அந்த மாதம் இரண்டு முறை தெரியாது, காணாமலும் போகாது. அந்தச் செக் நிபந்தனை இருப்பதால் அட்டாச் செய்யும்போது முழு டேபிளையும் மறுபடி படிக்காது. பூட்டு சில நொடிதான். கூடுதல் டிஸ்க் ஒரு மாத அளவுக்குப் போதும். நோ இன்ஹெரிட் செய்த பழைய டேபிளை உடனே அழிக்காதீர்கள். பேக்கப்பில் ஏறியதை உறுதி செய்துகொண்டு அழியுங்கள்.

பழைய டேபிளின் பெயரையே எல்லாரும் நேரடியாகப் பயன்படுத்துகிறார்கள், வியூ வைக்க முடியாது என்றால் இரண்டாவது வழி: ஒவ்வொரு பிள்ளையாக நோ இன்ஹெரிட் செய்து, தனியாக நிற்கும்போது ஒரே ஆல்டரில் பழைய செக்கை எடுத்து, வகையை மாற்றி, புதுச் செக்கைப் போடுவது. ஆனால் தாயின் வகை மாறும்வரை அந்தப் பிள்ளையைத் திரும்பச் சேர்க்க முடியாது. அதுவரை அந்த மாதங்கள் தாய் வழியாகத் தெரியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் பழைய பயணங்களைப் பார்க்கக் கேட்பவர்கள் என்பதால் இதை நான் விரும்பவில்லை.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது

முடியாது என்று சொல்ல வேண்டாம். என்ன இருந்தால் செய்ய முடியும் என்று மெயிலில் எழுதுங்கள். வாயால் சொன்னது நிற்காது. நேற்றைய பேக்கப்பைத் தனி சர்வரில் மீட்டு, மேலாளர் சொன்ன அதே ஒரு வரியை அங்கே ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, டிஸ்க் எவ்வளவு ஏறியது, எந்த டேபிளின் எந்த நிபந்தனையில் நின்றது, எந்த வியூ தடுத்தது — வியூவில் பயன்படும் நெடுவரிசையின் வகையை மாற்ற முடியாது, அதுவும் அங்கேயே தெரிந்துவிடும் — எல்லாவற்றையும் மெயிலில் சேருங்கள். அதன்கீழ் மேலே சொன்ன திட்டம், எந்த நாளுக்குள் புது வரிகள் திரும்பும் என்ற தேதி, தவறினால் பழைய டேபிளுக்கே திரும்பும் முறை. சீனியரையும் அதில் சேர்த்து, நிபந்தனைகள் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவருடைய அனுபவம் உங்களுக்கு வேண்டும்.

உங்கள் 11-ம் பதிப்புக்கு ஆதரவு 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. பதிப்பை உயர்த்தும் வேலையை இதோடு கலக்காதீர்கள். ஆனால் அதே மெயிலில் தனி வரியாக எழுதி வையுங்கள்.